முத்திரை போட்டோவைத் தொட வேண்டும்

என் யூடிஐடி அட்டையில், அதாவது அரசு தரும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையில், ஊனம் 80 சதவீதம் என்று அச்சடித்திருக்கிறது. அதைக் காட்டினால் ரயிலில் கட்டணச் சலுகை கிடைக்கும் என்று, விபத்தில் கால்கள் செயலிழந்து இரண்டு வருடம் நம்பிக்கொண்டிருந்தேன். கிடைக்காது. ரயில்வேக்கென்று தனி அடையாள அட்டை வாங்க வேண்டும். அதற்கு அவர்கள் படிவத்திலேயே அரசு மருத்துவர் சான்று எழுதித் தர வேண்டும். என்னைப் போன்றவர்களுக்கு அதில் உயிரான வரி ஒன்றுதான்: துணையாள் இல்லாமல் பயணம் செய்ய முடியாதவர். சதவீதத்தைவிட அந்த வரிக்குத்தான் மதிப்பு.

டாக்டர் முகம் சுளிக்காமல் எழுதித் தந்தார். ஸ்கேன் செய்து, ஆதார், பிறந்த தேதிச் சான்றோடு ரயில்வே தளத்தில் ஏற்றினேன். பத்து நாளில் திரும்பி வந்தது. டாக்டரின் கையெழுத்தும் முத்திரையும் பாதி போட்டோ மேலும் பாதி தாள் மேலும் விழ வேண்டுமாம். என்னுடையதில் முத்திரை போட்டோவுக்கு அரை அங்குலம் கீழே, அழகாகத் தனியாக உட்கார்ந்திருந்தது. படிவத்தில் இது போட்டுத்தான் இருக்கிறது, நான்தான் படிக்கவில்லை. அந்த அரை அங்குலத்துக்காக மறுபடி ஆட்டோ, மறுபடி ஓ.பி. சீட்டு. இரண்டாவது தடவை நானே விரல் வைத்துக் காட்டினேன்: "இங்க சார், பாதி என் தாடை மேல விழணும்." சிரித்துக்கொண்டே குத்தினார்.

கார்டு கையில் வந்த பிறகு வேலை சுலபம். ஐஆர்சிடிசியில் அதன் எண்ணைப் போட்டதும் ஸ்லீப்பரில் எனக்கும் தம்பிக்கும் 75 சதவீதம் கழிந்தது. அடிப்படைக் கட்டணத்தில் மட்டும்தான். முன்பதிவுக் கட்டணமும் சூப்பர்ஃபாஸ்ட் கட்டணமும் முழுசாகத்தான். எனக்கு லோயர், அவனுக்கு மிடில்.

ரயிலின் கார்டு (Guard) இருக்கும் இடத்தை ஒட்டி எங்களுக்கென்றே தடுத்த ஒரு பகுதி உண்டு. வாசல் அகலம், கழிப்பறையும் பெரிசு. ஆனால் முன்பதிவு கிடையாது. ராத்திரி முழுக்க உட்கார்ந்தே போக என் முதுகு ஒத்துழைக்காது. அதனால் ஸ்லீப்பர். அங்கே கழிப்பறைக்குள் வீல்சேர் போகாது, சிறுநீரைச் சேகரிக்கும் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டேன். மத்தியானத்திலிருந்தே தண்ணீரையும் குறைத்துவிட்டேன். தப்புதான், டாக்டர் திட்டுவார்.

ஏறுவதுதான் பெரும்பாடு. தம்பி பின்னாலிருந்து அக்குளில் கை கொடுத்தான், போர்ட்டர் முழங்காலுக்கு அடியில் பிடித்தார். "காலைப் பார்த்துண்ணே, இடிச்சா எனக்குத் தெரியாது" என்றேன். வலி தெரியாத காலில் சின்னச் சிராய்ப்புகூடப் புண்ணாகி மாசக் கணக்கில் படுக்கவைத்துவிடும். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, தோளில் கிடந்த துண்டை எடுத்து என் இரண்டு பாதத்தையும் சேர்த்துச் சுற்றினார். இதை எனக்கு எந்த ஆஸ்பத்திரியிலும் யாரும் சொல்லித் தரவில்லை. இப்போது நானே ஒரு பழைய துண்டை வீல்சேரிலேயே வைத்திருக்கிறேன்.

வீல்சேரை மடக்கி, வாசல் பக்கம் சங்கிலி போட்டுப் பூட்டினோம். அப்பாடா என்று படுத்தேன். டிடிஇ வந்து, "ஒரிஜினல் கார்டு காட்டுங்க சார்" என்றார்.

அது வீல்சேரின் முதுகுப் பையில் இருந்தது. மிடில் பெர்த்தில் அதற்குள் குறட்டை.