பயணக் கதைதான் வேண்டுமா?

புலம்பெயர்ந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு டிஜிட்டல் கலைப் பட்டறை நடத்துகிறவர்கள் பலரும் முதல் நாளே "உன் பயணத்தைச் சொல்" என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. போகிற இடமெல்லாம் அதே கேள்விக்குப் பதில் சொல்லி அலுத்துப்போனவர்கள் அந்தப் பிள்ளைகள். பேய்ப் படம் எடுக்க ஆசைப்பட்டால் பேய்ப் படமே எடுக்கட்டுமே.

ஸ்டாப் மோஷன், அதாவது அசையாத பொருளைப் படம் படமாக எடுத்து, தொடர்ந்து ஓடவிட்டு அசைவதுபோல் காட்டுவது, நல்ல தொடக்கம். ஒரு களிமண் உருண்டை, அசையாமல் நிறுத்திய போன், அவ்வளவுதான். கொஞ்சம் நகர்த்து, ஒரு படம் எடு, மறுபடி நகர்த்து. விநாடிக்கு 12 படம் வைத்தால் 10 விநாடிக்கு 120. புது ஊரின் மொழி இன்னும் வராத பிள்ளைகூட "இடப்பக்கம் தள்ளு" என்று கையாலேயே சொல்லிவிடும். நடுவில் யாராவது மேசையை இடித்துவிட்டால் எல்லாரும் சேர்ந்து கத்துவார்கள். அறிமுகப் படலம் அங்கேயே முடிந்தது!

வரைய கிரிட்டா, அனிமேஷனுக்கு பிளெண்டர், ஒலிக்கு ஆடாசிட்டி, மூன்றும் இலவச மென்பொருள்கள். பழைய கணினியில் பிளெண்டர் திணறும்.

அப்புறம், முகம் தெரியும் படத்தை இணையத்தில் போடுமுன் பிள்ளையிடமும் வீட்டாரிடமும் கேளுங்கள். தஞ்சம் கேட்டு வந்த குடும்பம் என்றால், விட்டுவந்த ஊரில் இருக்கும் சொந்தங்களுக்கு அதுவே ஆபத்தாகலாம். நிழல், கை, பொம்மை, வெறும் குரல் என்று எத்தனையோ வழி இருக்கிறது.