கீழே ஒரு ஷட்டர்

ஜூலை 3, வியாழன்

தாராவி 90 அடி சாலைப் பக்கம், ஒரு கடைக்கு மேல்மாடி அறை. கவுன்சலிங் பயிற்சியில் எனக்கு வந்த இரண்டாவது ஆள் இந்த அக்கா. அவரிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். ஆளைக் காட்டிக்கொடுக்கும் விவரங்களையெல்லாம் மாற்றியாயிற்று.

பேச ஆரம்பித்துப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, கீழே தடதடவென்று ஷட்டரை இறக்கினார்கள். அக்காவுக்கு முகம் வெளிறிவிட்டது. வகுப்பில் சொல்லிக்கொடுத்தது ஞாபகம் வர, "கண்ணை மூடிக்குங்கக்கா, மூச்சை நல்லா இழுத்து விடுங்க" என்றேன். மூடிய வேகத்தில் எழுந்து கதவுக்கு ஓடினார். மழை ஈரத்தில் தாழ்ப்பாள் இறுகிக் கிடந்தது. மூன்று தடவை இழுத்த பிறகுதான் திறந்தது. அந்தக் கிறீச் இன்னும் காதில் இருக்கிறது.

ஜூலை 4, வெள்ளி

சூப்பர்விஷன், அதாவது பயிற்சியில் நான் செய்ததை மூத்த கவுன்சலரான மேடத்திடம் சொல்லி அலசுவது. மேடம் திட்டவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. கண்ணை மூடினால் அறை மறைந்துவிடும், உள்ளே ஓடுவது மட்டும்தான் மிஞ்சும், சிலருக்கு அங்கேதான் பயமே இருக்கிறது என்றார். "நடந்ததைக் கேட்டுத் தெரிஞ்சுக்கணும்னு அவசரமா?" என்றும் கேட்டார். அவசரம்தான். பெரிய அதிர்ச்சியிலிருந்து மீள, மனநல மருத்துவர் ஜூடித் ஹெர்மன் 1992-லேயே சொன்ன மூன்று கட்டங்கள்: முதலில் பாதுகாப்பு, அப்புறம் நினைவுகூர்ந்து துக்கப்படுவது, பிறகு மறுபடி மனிதர்களோடு சேர்வது. இதைப் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவள், அறைக்குள் போனதும் இரண்டாவதற்குத் தாவப் பார்த்தேன்.

'அக்கா' என்று கூப்பிட்டால் எல்லை மங்காதா என்பதும் பேச்சில் வந்தது. மேடம் மராத்திக்காரர். ஐம்பதைத் தாண்டியவரைத் தமிழில் பேர் சொல்லிக் கூப்பிட எனக்கு வாய் வராது. முடிவாகவில்லை.

ஜூலை 10, வியாழன்

வரவில்லை. மழை என்று போன். நடுவில் தாங்க முடியாவிட்டால் அரசின் மனநல உதவி எண் டெலி-மானஸ் 14416-க்கு அடிக்கலாம், தமிழிலேயே பேசலாம் என்று சொல்லிவைத்தேன்.

ஜூலை 17, வியாழன்

தாழ்ப்பாளுக்குத் தேங்காய் எண்ணெய் விட்டேன். ஷட்டர் எப்போது இறங்கும் என்று கீழே விசாரித்து, வந்ததும் அக்காவிடம் சொல்லிவிட்டேன். எங்கே உட்காருவது, கதவைச் சாத்துவதா வேண்டாமா, எல்லாம் அவர் இஷ்டம். வாசல் தெரிகிற நாற்காலியில் உட்கார்ந்தார்.

எண்ணங்களைச் சோதித்துப் பார்க்கச் சொல்லும் ஆரன் பெக் வழியில், வந்த எண்ணத்தையும் அதற்கான ஆதாரத்தையும் எழுதும் தாளை நீட்டினேன். "சீட்டுக் கணக்கு மாதிரி இருக்கே கண்ணு" என்று திருப்பிக் கொடுத்தார். எல்லா முறைகளிலும் கொஞ்சம் எடுத்துக் கலந்தால் அதுதான் இண்டகிரேட்டிவ் கவுன்சலிங் என்று நினைத்திருந்தேன். இன்று தாளை மடித்துப் பையில் போட்டுவிட்டு, வந்தவரை மதித்துக் கேட்பதே முக்கியம் என்ற உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் சொன்னபடி சும்மா கேட்டுக்கொண்டிருந்தேன்.

படபடப்பு வந்தால் என்ன செய்வார்?

"ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து மாவு கரைப்பேன். கை ஜில்லுன்னு ஆகும். அப்ப மனசு ஒரு இடத்துல நிக்கும்."

ஐந்து பொருளைப் பார், நாலைத் தொட்டுப் பார் என்று, மனசை இந்த நிமிஷத்துக்குக் கொண்டுவரும் கிரவுண்டிங் பயிற்சியை அவருக்குச் சொல்லித்தரத் தயாராக வந்திருந்தேன். (மாவும் மாற்றி எழுதியதுதான். கை ஜில்லிட்டது நிஜம்.)

சொன்ன நேரத்துக்கு ஷட்டர் இறங்கியது. அக்கா நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்தார். வாசலைப் பார்த்தார், அப்புறம் என்னை.

"நீ சொன்ன சத்தம் இதானே?"