காசல்ரீக்கும் மவுசாகலைக்கும் மேலே: முகடு ஏறுமுன் போட வேண்டிய கணக்கு

ஹட்டனிலிருந்து நோர்வூட், மஸ்கெலியா வழியாக நல்லதண்ணிக்குப் போகும் ரோட்டில் முதலில் காசல்ரீ, பிறகு மவுசாகலை என்று இரண்டு நீர்த்தேக்கங்கள் வருகின்றன. ஒன்று கெஹெல்கமு ஓயாவை மறித்தது, மற்றது மஸ்கெலி ஓயாவை. இரண்டு ஆறும் கீழே சேர்ந்துதான் களனி கங்கை. இவ்வளவு தண்ணீர் தேங்கும் இடத்தில் மேலே உள்ள முகடுகளில் மழை எப்படி விழும் என்று விளக்கத் தேவையில்லை. ஆனாலும் மலையைத் தெரிவு செய்துவிட்டுப் பிறகு லீவு நாள் பார்ப்பவர்கள்தான் அதிகம். மாதத்தை முதலில் பாருங்கள், அடுத்தது புறப்படும் நேரம். எந்த மலை என்பது கடைசியில்தான்.

மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று மேற்குச் சரிவில் நேராக மோதும். மஸ்கெலியா, நோட்டன் பிரிட்ஜ், பொகவந்தலாவை, தலவாக்கலைப் பக்கத்து முகடுகளுக்கு அந்த மாதங்கள் சரிவராது. அதே காற்று மலையைத் தாண்டி ஊவாப் பக்கம் இறங்கும்போது ஈரம் வற்றிப்போகும். அதனால் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை நமுனுகுலை, நாரங்கலை, எல்ல பக்கம் போகலாம். டிசம்பர், ஜனவரியில் வடகீழ்ப் பருவக்காற்று வந்ததும் ஊவாவும் நக்கிள்ஸ் மலையின் கிழக்குப் பக்கமும் நனையத் தொடங்கும். மேற்கு முகடுகளுக்கு ஜனவரி நடுப்பகுதியிலிருந்து மார்ச் நடுப்பகுதி வரைதான் நல்ல காலம். ஏப்ரல், ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் விடியற்காலை பளிச்சென்று இருக்கும், பின்னேரம் இடி முழங்கும். மின்னலுக்கும் இடிச்சத்தத்துக்கும் இடையில் 30 விநாடிக்குக் குறைவு என்றால் இடி 10 கிலோமீற்றருக்குள் வந்துவிட்டது. அப்போது முகட்டில் ஒரு நிமிடமும் நிற்கக்கூடாது.

நேரத்துக்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது. ஸ்கொட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892 இல் சொன்னது: 5 கிலோமீற்றர் நடைக்கு ஒரு மணித்தியாலம், 600 மீற்றர் ஏற்றத்துக்கு மேலும் ஒரு மணித்தியாலம். சிவனொளிபாதமலை உச்சியின் உயரம் 2,243 மீற்றர். நல்லதண்ணியிலிருந்து ஏறத்தாழ 7 கிலோமீற்றர் தூரம், 1,000 மீற்றர் ஏற்றம். கணக்குப்படி மூன்று மணித்தியாலம், படிக்கட்டுப் பாதை என்பதால் அது ஓரளவு சரியாகவே வரும். கிரிகல்பொத்தை மலைக்கு இதே கணக்கைப் போட்டால் ஏமாந்துபோவீர்கள். ஹோர்டன் சமவெளியிலிருந்து அங்கேயும் போக 7 கிலோமீற்றர்தான், நிகர ஏற்றம் 300 மீற்றருக்கும் குறைவு. தாளில் இரண்டு மணித்தியாலம். ஆனால் சதுப்பும் புதரும் காலை இழுக்கும், பாதை இறங்கி இறங்கி ஏறும், மூன்று மணித்தியாலத்துக்கு மேலேயே எடுக்கும். பாதை இல்லாத காட்டுக்கும் கைபிடித்து ஏறும் பாறைக்கும் கணக்கை இரட்டிப்பாக்குங்கள். இறக்கத்துக்கும் ஏற்றத்தின் அளவு நேரத்தையே ஒதுக்குங்கள். ஈரச் சரிவில் இறங்குவது ஏறுவதைவிடக் கஷ்டம்.

பின்னேரம் ஆறு, ஆறரைக்குள் இருட்டிவிடும். காலை பத்து, பதினொரு மணிக்கே பள்ளத்தாக்கிலிருந்து மேகம் ஏறி முகட்டை மூடத் தொடங்கும். ஆகவே ஆறு மணிக்கு நடக்கத் தொடங்கி, பத்தரைக்குள் உச்சியைத் தொட வேண்டும். பன்னிரண்டு மணிக்கு எங்கே நிற்கிறோமோ அங்கிருந்து திரும்ப வேண்டும். இந்தத் திரும்பும் நேரத்தைக் கீழேயே எல்லோரும் பேசி முடிவெடுங்கள். உச்சி கண்ணுக்குத் தெரியும்போது பேசினால் யாருக்கும் மனம் வராது.

வரைபடம் விடயத்தில் கைபேசியை மட்டும் நம்ப வேண்டாம். நில அளவைத் திணைக்களத்தின் 1:50,000 தாளில் 2 சென்ரிமீற்றர் ஒரு கிலோமீற்றர். உயரக்கோடுகள் நெருங்கி ஒட்டிக்கொண்டிருக்கும் இடம் பாறைச் சுவர். இணைய வரைபடத்தில் அங்கே பச்சை நிறம் மட்டும்தான் தெரியும். ஆனால் தாளில் இல்லாதது லயத்தில் இருக்கும் தோட்டத்து ஆட்களுக்குத் தெரியும். தோட்டத்தில் மேல்கணக்கு (மேல் டிவிஷன்), பணியக்கணக்கு (கீழ் டிவிஷன்), இத்தனையாம் நம்பர் மலை (தேயிலை நிலத்துண்டு) என்றுதான் இடம் சொல்வார்கள். "அண்ணே, மேல்கணக்கு மடுவத்துக்கு மேல காட்டுக்குள்ள ஏற குறுக்கு இருக்கா?" என்று கேட்டால் சரியான இடத்தைக் கை காட்டுவார்கள். மடுவம் என்றால் கொழுந்து நிறுக்கும் கொட்டகை. கிரேட் வெஸ்டர்ன் மலைக்கும் இப்படித்தான். அதே பெயருள்ள ரயில் நிலையத்தில் இறங்கி, தேயிலைக்குள்ளால் ஏறி, காட்டின் ஓரத்தில் பாதை எங்கே நுழைகிறது என்று கேட்டுவிட்டுப் போங்கள். உள்ளே போனபின் கேட்க ஆள் இல்லை. தேயிலைக்குள் நடக்கும்போது கானை (வடிகாலை)ப் பார்த்துக் கால் வையுங்கள். செடி மூடிய கானில் கணுக்கால் மடங்குவது மலையில் விழுவதைவிட அடிக்கடி நடக்கிறது.

முகட்டில் பாறையும் மானாப்புல்லும்தான் கைக்கு அகப்படும். காய்ந்த பாறை காலை நன்றாகப் பிடிக்கும். அதே பாறையில் பாசி நனைந்தால் எந்தச் சப்பாத்தும் நிற்காது. இரண்டு கை, இரண்டு கால் என்ற நான்கில் எப்போதும் மூன்று பாறையில் பதிந்திருக்க வேண்டும், ஒன்றை மட்டும் நகர்த்த வேண்டும். மானாப்புல்லின் நுனியைப் பிடித்தால் விரல் கிழியும், தோட்டக் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். தூரின் அடியில், பல தாள்களைச் சேர்த்துக் கொத்தாகப் பிடித்துக் கீழ்நோக்கி இழுங்கள். வெளிப்பக்கமாக இழுத்தால், பாறைமேல் நாலு விரல் கனத்துக்கு இருக்கும் மண் தூரோடு பெயர்ந்து வரும், மழைக்குப் பிறகு கட்டாயம் வரும். நெலுச் செடியை நம்பவே வேண்டாம். பல வருடத்துக்கு ஒருமுறை பூத்து முடித்துச் செத்த செடி நின்ற நிலையிலேயே உக்கிப்போயிருக்கும். விளிம்பை மூடியும் வளர்வதால் நிலம் எங்கே முடிகிறது என்பதே தெரியாது. செங்குத்தான இடத்தில் இறங்கும்போது பாறையைப் பார்த்தபடி இறங்குங்கள். இறங்க முடியுமா என்று சந்தேகம் வரும் இடத்தில் ஏறாமல் விடுவதே சரி. நோட்டன் பிரிட்ஜுக்கு மேலே உள்ள ஏழு கன்னியர் மலை முகட்டில் இப்படிப்பட்ட இடங்கள் அடுத்தடுத்து வரும். 1974 டிசம்பர் 4 இரவு ஹஜ் யாத்திரிகர்களோடு வந்த விமானம் மோதி 191 பேர் இறந்தது அந்த மலையில்தான். வழி தெரிந்தவர் இல்லாமல் அங்கே போகக் கூடாது.

மலையகத்தில் சிறுத்தையைவிடக் குளவிக்குப் பயப்பட வேண்டும். கொழுந்து பறிக்கிறவர்கள் குளவி கொட்டி ஆஸ்பத்திரிக்குப் போகும் செய்தி அடிக்கடி வருகிறது. பாறைத் தொங்கலையும் பெரிய மரக்கிளையையும் கீழிருந்தே அண்ணாந்து பாருங்கள். வாசனைத் திரவியம், கூச்சல், புகை வேண்டாம். கலைந்துவிட்டால் கையை வீசாமல், தலையையும் முகத்தையும் மூடிக்கொண்டு வந்த வழியே விலகுங்கள். உதடு வீங்கினாலோ மூச்சு இழுத்தாலோ, பல இடத்தில் கொட்டியிருந்தாலோ நேரே ஆஸ்பத்திரி. அட்டைக்கு நீளக் காலுறையும் சவர்க்காரமும் போதும். அது விட்ட இடத்தில் இரத்தம் நீண்ட நேரம் கசிவது இயல்பு, அழுத்திப் பிடித்தால் நிற்கும். காட்டுக்கும் தேயிலைக்கும் நடுவில் பன்றிக்கு வைத்த கம்பிச் சுருக்கு இருக்கலாம், பாதையை விட்டு விலகாதீர்கள்.

ஹோர்டன் சமவெளி தேசியப் பூங்கா. வாசலில் நுழைவுச்சீட்டு எடுக்க வேண்டும், பொலித்தீனை அங்கேயே வாங்கிவிடுவார்கள், ரொட்டியை டப்பாவில் கொண்டுபோங்கள். நக்கிள்ஸுக்கு வனத் திணைக்கள அனுமதி தேவை. சிவனொளிபாதமலைப் பருவம் டிசம்பரில் வரும் உந்துவப் பௌர்ணமி முதல் மே மாத வெசாக் பௌர்ணமி வரை. மற்ற மாதங்களில் பாதை விளக்கும் தேநீர்க் கடையும் இருக்காது.

ஆளுக்கு மூன்று லீற்றர் தண்ணீர். முகட்டில் ஊற்று இல்லை, தேயிலைக்குக் கீழே ஓடும் ஓடையில் உரமும் மருந்தும் கலந்திருக்கும். கொழும்பில் 30 பாகை என்றால் 2,200 மீற்றரில் 16 பாகை அளவுதான், நனைந்து காற்றும் அடித்தால் உடம்பு விறைத்துவிடும். மழைச்சட்டை, உலர்ந்த பனியன், தலையில் மாட்டும் டோர்ச் இவை பையில் இருக்கட்டும்.

முதல் நாள் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பாருங்கள். மஞ்சள் என்றாலே பயணத்தைத் தள்ளிவையுங்கள், செம்மஞ்சளும் சிவப்பும் வரும்வரை காத்திருக்க வேண்டாம். மண் விழுந்து ரயில் நிற்பதும் உண்டு, விசாரித்துவிட்டுப் புறப்படுங்கள். அணைக்குக் கீழே ஆற்றைக் கடக்கும்போது சைரன் கேட்டால் உடனே கரையேற வேண்டும், வான்கதவு திறந்தால் மழை இல்லாத இடத்திலும் வெள்ளம் வரும்.

அவசரத்துக்கு 1990 அம்பியுலன்ஸ் வரும், ஆனால் ரோட்டு உள்ள இடம் வரைதான். அடிபட்டவரை அதுவரை தூக்கித்தான் வர வேண்டும். ஆகவே தோட்டத்தின் பெயர், டிவிஷன், பக்கத்து மடுவம் மூன்றையும் ஏறுமுன் எழுதி வைத்துக்கொண்டு, வீட்டில் ஒருவருக்கும் அனுப்பிவிடுங்கள். கொழுந்து ஏற்ற லொறி வரும் மடுவத்துக்கு அம்பியுலன்ஸும் வந்து சேரும்.