கேட்காத இடமும் மாறும்

சட்டையின் நிறத்தை மட்டும் மாற்றச் சொன்னோம். முகமும் லேசாக மாறி வந்திருக்கும். ப்ராம்ப்ட், அதாவது செயற்கை நுண்ணறிவு மாடலுக்கான எழுத்துக் கட்டளை, எழுதிப் படம் திருத்துகிறவர்கள் முதலில் முட்டிக்கொள்வது இங்கேதான். கண் சற்றுப் பெரிதாகியிருக்கும், கன்னத்து மச்சம் காணாமல் போயிருக்கும், தோல் ஒரு படி வெளுத்திருக்கும். படத்தில் இருப்பவர் அதைப் பார்த்ததும் கண்டுபிடித்துவிடுவார்.

ஸ்டேபிள் டிஃப்யூஷன் வகைப் படம் வரையும் மாடல்கள் 512க்கு 512 பிக்சல் படத்தை 64க்கு 64 கட்டங்களாகச் சுருக்கிக்கொண்டுதான் வேலையைத் தொடங்குகின்றன. ஒரு கட்டத்துக்குள் 64 பிக்சல்கள் அடங்குகின்றன. குழுப்படத்தில் 40 பிக்சல் அகலமுள்ள ஒரு முகத்துக்குக் குறுக்கே 5 கட்டங்கள்தான் கிடைக்கும். மறுபடி விரிக்கும்போது மாடல் தனக்குப் பழக்கமான ஏதோ ஒரு முகத்தைக் கொண்டு நிரப்பிவிடுகிறது. பெயர்ப்பலகையின் சிறிய எழுத்துகளும் இப்படித்தான் கலைகின்றன. முகத்தையே திருத்த வேண்டியிருந்தால், அந்தப் பகுதியை மட்டும் வெட்டி 1024 பிக்சலுக்குப் பெரிதாக்கி, திருத்தி, பழைய அளவுக்குச் சுருக்கி ஒட்ட வேண்டும். எழுத்தை மாடலிடம் விடவே வேண்டாம், படத்தின் மேல் தனி லேயரில் (அடுக்கில்) தட்டச்சு செய்துகொள்ளலாம்.

மூலப்படத்தை எவ்வளவு கலைத்து மறுபடி வரையலாம் என்று மாடலுக்குச் சொல்வது டீநாய்சிங் அளவு. அது 0.3 வரை இருந்தால் நிறமும் இழையும் மாறும். 0.5ஐத் தாண்டினால் வடிவம் நெகிழும். 0.75க்கு மேல் பழைய படத்தின் அமைப்பு மட்டுமே மிஞ்சும். மாடல் படத்தைப் படிப்படியாகத் தெளிவாக்கும் ஒவ்வொரு சுற்றும் ஒரு ஸ்டெப். பல கருவிகளில் 30 ஸ்டெப், டீநாய்சிங் 0.4 என்று வைத்தால் உண்மையில் ஓடுவது 12 ஸ்டெப்தான். படம் கலங்கலாக வந்தால் ஸ்டெப்பைக் கூட்டிப் பார்க்கலாம். 2022இல் வந்த இன்ஸ்ட்ரக்ட்பிக்ஸ்2பிக்ஸ் என்ற படம் திருத்தும் மாடலில் இரண்டு திருகுகள் உண்டு: ப்ராம்ப்டை எவ்வளவு பின்பற்ற வேண்டும் என்பதற்கு 7.5, மூலப்படத்தை எவ்வளவு ஒட்டியிருக்க வேண்டும் என்பதற்கு 1.5 என்று தொடங்குவது வழக்கம். படம் கைவிட்டுப் போனால் இரண்டாவதைக் கூட்ட வேண்டும்.

ப்ராம்ப்டில் ஒரு தடவைக்கு ஒரு மாற்றம் போதும். 'வலப்பக்கம் நிற்பவரின் நீலச் சட்டையை அடர்பச்சையாக்கு. முகம், கைகள், பின்னணி, வெளிச்சம் அப்படியே இருக்கட்டும்' என்பது வேலைக்கு ஆகும். 'இன்னும் அழகாக்கு' ஆகாது. எதை என்று மாடலுக்குத் தெரியாததால் எல்லாவற்றையும் தொடும். மாஸ்க் போட்டு, அதாவது மாற்ற வேண்டிய இடத்தை மட்டும் குறித்து, நிரப்பும்போது 'நாற்காலி வேண்டாம்' என்று எழுதினால், நாற்காலி என்ற சொல்லே இன்னொரு நாற்காலியை வரவழைக்கும். அங்கே என்ன இருக்க வேண்டுமோ அதை எழுதுங்கள்: 'வெறும் மரத்தரை'. நாற்காலியின் நிழலையும் தரையில் விழும் பிம்பத்தையும் மாஸ்க் மூட வேண்டும். நிழல் மட்டும் மிஞ்சினால், அதற்குக் காரணம் சொல்ல மாடல் அங்கே ஒரு பொருளை வரைந்து வைக்கும்.

திருத்திய படத்தையே திரும்பத் திரும்பத் திருத்தக் கூடாது. ஒவ்வொரு சுற்றிலும் சுருங்கி விரிவதில் நுணுக்கம் கரைந்து, தோல் மெழுகு பூசியது போலாகிவிடும். ஒவ்வொரு மாற்றத்தையும் மூலப்படத்திலிருந்தே எடுத்து, போட்டோஷாப்பில் சேர்ப்பதுதான் சரி. மூலம் கீழே, திருத்தி வந்த விடை மேலே வைத்து, மேல் லேயரின் கலப்பு முறையை (blend mode) டிஃபரன்ஸுக்கு மாற்றுங்கள். மாறாத இடம் கறுப்பாகவும் மாறிய இடம் வெளிச்சமாகவும் தெரியும். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் லெவல்ஸை ஏற்றினால் மங்கலான மாற்றங்களும் வெளியே வந்துவிடும். படம் முழுக்க விளிம்புகள் ஒளிர்ந்தால் விடை ஓரிரு பிக்சல் நகர்ந்திருக்கிறது. முதலில் அதைப் பொருத்த வேண்டும். பிறகு சட்டைக்கு மட்டும் மாஸ்க் போட்டு, ஓரத்தைச் சில பிக்சல் மென்மையாக்கி, மூலத்தில் இருக்கும் அளவுக்கு நாய்ஸ் (பொடிப்புள்ளிகள்) சேர்க்கலாம். அந்த நாய்ஸ் இல்லாவிட்டால் புதிய பகுதி ஒட்டுப்போட்டதாகவே தெரியும்.

இறந்தவர்களின் பழைய படங்களைச் சீராக்கும்போது இந்தக் கவனம் இன்னும் பல மடங்கு வேண்டும். படம் கிழிந்த இடத்திலுள்ள சுவரையும் கறை படிந்த துணியையும் ப்ராம்ப்டால் தாராளமாக நிரப்பலாம். கண்ணோ வாயோ சிதைந்திருந்தால் அதே மனிதரின் வேறொரு படத்தைக் கேட்டு வாங்கி, அதிலிருந்து எடுத்து வைக்க வேண்டும். அப்படி ஒன்று கிடைக்காவிட்டால் அந்தச் சிதைவை அப்படியே விட்டு, ஏன் விட்டோம் என்பதைக் குடும்பத்தாரிடம் சொல்லிவிடலாம்.