ஆதாரம் என்று போட்ட இரவு

2003 பிப்ரவரி 5, புதன்கிழமை. கொலம்பியா விண்கலம் சிதறி நான்கு நாள்தான் ஆகியிருந்தது. கல்பனா சாவ்லா பற்றிய செய்திகள் இன்னும் வந்துகொண்டிருந்தன. நான் அப்போது ஒரு தமிழ் நாளிதழில் உதவி ஆசிரியர். இரவு டெஸ்கில் வெளிநாட்டுச் செய்தி என் பொறுப்பு. ஏஜென்சிகள் ஆங்கிலத்தில் அனுப்புவதைத் தமிழில் எழுதி, தலைப்பு வைத்து, பக்கத்தில் உட்கார வைக்க வேண்டும்.

அன்று ஐ.நா. பாதுகாப்பு கவுன்சிலில் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் காலின் பாவெல் பேசினார். நியூயார்க்கில் காலை பத்தரை என்றால் நமக்கு இரவு 9 மணி. வெளியூர்ப் பதிப்பை நாங்கள் டாக் என்போம். அதை முடித்து அச்சுக்கு அனுப்ப ஒன்றரை மணி நேரம்கூட இல்லை. பேச்சோ ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடியது. அவர் பேசப் பேசத் துண்டு துண்டாகச் செய்தி விழுந்துகொண்டே இருந்தது. சின்னக் குப்பி ஒன்றைத் தூக்கிக் காட்டினார், ஒட்டுக்கேட்ட தொலைபேசி உரையாடல்களைப் போட்டுக் காட்டினார், செயற்கைக்கோள் படங்களைக் காட்டினார். அவருக்குப் பின்னால் சிஐஏ தலைவர் ஜார்ஜ் டெனட் உட்கார்ந்திருந்தார்.

பேரழிவு ஆயுதங்கள் பற்றி நிறையப் பேசினார். பேச்சின் பின்பகுதியில்தான் ஈராக்குக்கும் அல் காய்தாவுக்கும் உள்ள உறவு என்ற விஷயம் வந்தது. அந்த உறவை அவர் அறிமுகப்படுத்திய வாக்கியத்திலேயே ‘இருக்கக்கூடிய’, அதாவது இருக்கலாம், உறுதியில்லை என்ற பொருள் தரும் ஒரு சொல் இருந்தது. ஆங்கிலத்தில் அது ஒரே சொல். தமிழில் எழுதினால் வாக்கியம் நொண்டும். வேகத்தில் அதை விட்டுவிட்டேன்.

முதலில் நான் வைத்த தலைப்பு: ‘அல் காய்தாவுக்கு ஈராக் உதவுவதாக பாவெல் குற்றச்சாட்டு’. சீஃப் சப், அதாவது தலைமை உதவி ஆசிரியர், எட்டிப் பார்த்தார். பக்கத்தில் மேலிருந்து கீழாக ஓடும் பத்தியை நாங்கள் காலம் என்போம்.

“தம்பி, இது நாலு காலத்துல உட்காராது. குற்றச்சாட்டுங்கறது நீளமான சொல். வேற பாருங்க.”

“சரிண்ணே” என்று மாற்றினேன். ‘அல் காய்தாவுக்கு ஈராக் உதவி: பாவெல் ஆதாரம்’. கச்சிதமாக உட்கார்ந்தது. நீளத்தைத்தான் அவர் குறைக்கச் சொன்னார். குற்றச்சாட்டை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஆதாரத்தை வைத்தது நான்தான். அப்போது அது எனக்கு உறைக்கவே இல்லை.

படத்திலும் ஒரு பிழை செய்தேன். வடகிழக்கு ஈராக்கில் ஒரு முகாம் என்று அவர் காட்டிய செயற்கைக்கோள் படம் எங்களுக்கும் வந்தது. ‘ஈராக்கில் பயங்கரவாதிகளின் விஷ முகாம்’ என்று படக்குறிப்பு எழுதினேன். அந்த இடம் குர்து பகுதியில் இருந்தது. 1991க்குப் பிறகு ஈராக் அதிபர் சதாம் உசேன் ஆட்சியின் கை எட்டாத பகுதி அது. இதை பாவெலே தன் பேச்சில் சொன்னார், அங்கே பாக்தாத்தின் ஆள் ஒருவர் இருக்கிறார் என்றும் சேர்த்துச் சொன்னார். ஏஜென்சியின் செய்திக் காப்பியில் அந்த வரி இருந்தது. இடம் போதாது என்று வெட்டினேன். அந்த வரி போனதும், படம் வேறு கதை சொல்ல ஆரம்பித்தது.

பத்து நாள் கழித்து ஆசிரியர் குழுவுக்கு ஓர் அஞ்சலட்டை வந்தது. ஓய்வுபெற்ற தமிழாசிரியர் என்று கையெழுத்துக்குக் கீழே போட்டிருந்தார். நான்கே வரி. ‘ஆதாரம் என்று தலைப்பிட்டிருக்கிறீர்கள். செய்தி முழுவதையும் இருமுறை படித்தேன். உள்ளே இருப்பவை எல்லாம் அவர் சொன்னவையே. சொன்னது எப்போது ஆதாரம் ஆயிற்று என்று தெரிவிக்க வேண்டுகிறேன்.’ வாசகர் கடிதம் பார்ப்பவர் அதை என் மேசையில் போட்டுவிட்டுப் போனார். என்ன பதில் எழுதுவது என்று தெரியாமல் டிராயரில் வைத்தேன்.

அந்த அட்டைதான் என்னைப் பிடித்துக்கொண்டது. நீதிமன்றத்தில் ஒருவர் நீட்டும் காகிதமும் ஆதாரம்தான், அதை விசாரித்து நீதிபதி ஏற்றுக்கொண்ட பிறகு நிற்பதும் நம் பேச்சில் ஆதாரம்தான். நீட்டியதற்கும் நிரூபித்ததற்கும் ஒரே சொல்லை வைத்துப் புழங்குகிறோம். ‘தொடர்பு’ என்ற சொல்லும் இப்படித்தான். இரண்டு பேர் ஓர் ஊரில் ஒருமுறை சந்தித்தாலும் தொடர்பு, பத்து வருஷம் பணமும் ஆயுதமும் கொடுத்தாலும் தொடர்பு.

இத்தனைக்கும் தமிழில் கேள்விப்பட்டதைச் சொல்ல ஒரு விகுதியே இருக்கிறது. என் அப்பத்தா “மேற்கால மழை பேஞ்சுச்சாம்” என்பார். தான் பார்க்கவில்லை, யாரோ சொன்னார்கள் என்பது அந்த ‘ஆம்’ என்ற ஒற்றை ஒலியில் வந்துவிடும். செய்தியில் ‘ஆம்’ போட்டால் திண்ணைப் பேச்சு மாதிரி இருக்கும் என்று வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே சொல்லிவிட்டார்கள். அதற்குப் பதிலாக ‘என்று கூறப்படுகிறது’ என்று எழுதப் பழகினோம். கூறுவது யார் என்பது அந்த வாக்கியத்தில் காணாமல் போய்விடும். என் அப்பத்தாவின் வாக்கியம் எங்கள் வாக்கியத்தைவிட நேர்மையானது என்று இன்றும் நினைக்கிறேன்.

அன்றைக்கு ஏன் அவ்வளவு சுலபமாக நம்பினோம்? யோசித்துப் பார்த்தால், 2001 டிசம்பர் 13 அன்று நாடாளுமன்றம் தாக்கப்பட்டதும், அதற்குப் பிறகு பத்து மாதம் எல்லையில் படை நின்றதும் எங்கள் டெஸ்கில் அப்போதுதான் கடந்து போயிருந்தன. ‘எல்லை தாண்டிய பயங்கரவாதம்’, ‘தூண்டிவிடும் நாடு’ என்று தினமும் எழுதிக் கைக்குப் பழகியிருந்தது. ஒரு நாடு பயங்கரவாதிகளை ஏவிவிடுகிறது என்ற வாதம் எங்களுக்குப் புதிதில்லை. பாவெல் சொன்னபோது பழைய அச்சில் புதுப் பெயரை ஊற்றிவிட்டோம்.

எங்கள் மூத்த செய்தியாசிரியர் ஒருவர் மட்டும் ஒருநாள் டீ குடிக்கும்போது சொன்னார்: “எண்பதுகள்ல இந்திய அரசு இலங்கைப் போராளிக் குழுக்களுக்குப் பயிற்சி கொடுத்துச்சு. நாம அதுக்கு ஆதரவுன்னு எழுதினோம். கொழும்புல இருக்கறவன் அதே விஷயத்துக்கு என்ன சொல் போட்டிருப்பான்னு யோசிச்சுப் பாருங்க தம்பி.” அதற்குமேல் அவர் எதுவும் சொல்லவில்லை.

மார்ச் 20 அன்று ஈராக்கில் போர் தொடங்கியது. ஏப்ரல் 8ஆம் தேதி அந்தப் போர் பற்றி மக்களவை ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. இந்தியில் ‘நிந்தா’ என்று இருந்ததை ஆங்கிலத்தில் சற்று மென்மையான சொல்லால் மொழிபெயர்த்திருந்தார்கள். தமிழில் ‘கண்டனம்’ போடுவதா, ‘வருத்தம்’ போடுவதா என்று டெஸ்கில் அரை மணி நேரம் பேசினோம். மறுநாள் பாக்தாத் விழுந்தது. ஒரு தீர்மானத்தின் ஒரு சொல்லுக்கு அரை மணி நேரம் ஒதுக்கிய நாங்கள், பிப்ரவரி 5ஆம் தேதி ‘ஆதாரம்’ என்ற சொல்லுக்கு அரை நிமிடம்கூட ஒதுக்கவில்லையே என்று அன்று இரவு வீட்டுக்குப் போகும்போது மனசு அடித்துக்கொண்டது.

அப்புறம் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. ஈராக் அல் காய்தாவுக்கு ரசாயன, உயிரி ஆயுதப் பயிற்சி கொடுத்தது என்று ஒரு மூத்த பயங்கரவாதியே சொன்னதாக பாவெல் பேசினாரே, அந்த ஆள் இப்னு அல் ஷேக் அல் லிபி. பாகிஸ்தானில் பிடிபட்டு, அமெரிக்காவிடம் ஒப்படைக்கப்பட்டு, எகிப்துக்கு அனுப்பப்பட்டவர். அங்கே விசாரணையில் சொன்னதுதான் அந்தக் கதை. 2004ல் அதைத் திரும்பப் பெற்றார், சித்திரவதை தாங்காமல் சொன்னேன் என்றார். இதில் என்னை உலுக்கியது வேறொன்று. அவர் கதை கட்டுகிறார் என்று 2002 பிப்ரவரியிலேயே, அதாவது பாவெல் பேசுவதற்கு ஒரு வருஷம் முன்பே, அமெரிக்க ராணுவத்தின் சொந்த உளவு அமைப்பு சந்தேகம் எழுதி வைத்திருந்தது. மேலே யாரோ அந்தச் சந்தேகத்தை எடுத்துவிட்டார்கள். நான் ‘இருக்கக்கூடிய’ என்பதை எடுத்தது போலவே.

2004 ஜூலையில், அமெரிக்காவில் 2001 செப்டம்பர் 11 தாக்குதலை விசாரித்த ஆணையத்தின் அறிக்கை வந்தது. ஈராக்கும் அல் காய்தாவும் சேர்ந்து செயல்பட்டதற்குச் சான்று எதையும் தாங்கள் காணவில்லை என்றது. நானே தமிழாக்கினேன். ஒன்பதாம் பக்கத்தில் இரண்டு காலம் கிடைத்தது. அன்று டிராயரைத் திறந்து அந்த அஞ்சலட்டையை எடுத்து, ஒன்றரை வருஷம் தாமதமாகப் பதில் எழுதினேன்: ‘ஐயா, நீங்கள் கேட்டது சரி. தலைப்பு என் தவறு.’ ஒரு வாரத்தில் மறுபடியும் அட்டை வந்தது. ‘நன்றி. அந்தச் செய்தி முதல் பக்கத்தில் வந்தது. இந்தச் செய்தி ஏன் ஒன்பதாம் பக்கத்தில்?’

அதற்கு என்னிடம் பதில் இல்லை. இன்றும் இல்லை.

சதாம் உசேன் குற்றமற்றவர் என்று நான் சொல்லவரவில்லை. தற்கொலைத் தாக்குதல் நடத்திய பாலஸ்தீனர்களின் குடும்பங்களுக்கு 25 ஆயிரம் டாலர் வரை கொடுத்தார். பாலஸ்தீனப் பயங்கரவாதக் குழுவின் தலைவர் அபு நிதால் 2002ல் செத்தது பாக்தாத்தில்தான். ஈரானுக்கு எதிரான முஜாஹிதீன் இயக்கத்தை ராணுவத் தளவாடம் கொடுத்து வளர்த்தார். இதெல்லாம் உண்மை. ஆனால் போருக்குத் தேவைப்பட்டது செப்டம்பர் 11ஐச் செய்தவர்களோடு அவருக்கு உறவு இருந்தது என்பது. அது இல்லை. ‘பயங்கரவாதத்துக்கு ஆதரவு’ என்ற ஒரே சொற்றொடரின் கீழ் உண்மையும் பொய்யும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தன, உண்மையின் கனத்தில் பொய்யும் எடைபோடப்பட்டது. அதே 2001ல் தாலிபான்கள் பின்லேடனுக்கு இடம் கொடுத்தது யாரும் மறுக்க முடியாத உண்மை. இரண்டுக்கும் நாங்கள் எழுதியது ஒரே ‘ஆதரவு’.

பழைய நாளிதழ்களைப் புரட்டியபோது இன்னொன்றையும் பார்த்தேன். பயங்கரவாத ஆதரவு நாடுகள் என்று அமெரிக்கா பட்டியல் போட ஆரம்பித்தது 1979 டிசம்பரில். முதல் நான்கில் ஈராக் உண்டு. 1982ல், ஈரானோடு ஈராக் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது, பெயரை எடுத்துவிட்டார்கள். 1990ல் குவைத்துக்குள் புகுந்ததும் மறுபடி சேர்த்தார்கள். நடுவில் இருந்த எட்டு வருஷமும் ஆட்சியில் இருந்தவர் அதே சதாம்தான்.

முதல் உலகப் போர் தொடங்கிய 1914 பற்றிப் படித்தபோதும் எனக்கு டெஸ்க்தான் ஞாபகம் வந்தது. சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசர் கொல்லப்பட்ட பிறகு, ஆஸ்திரிய அரசு தன் அதிகாரி பிரெடரிக் வான் வீஸ்னரை விசாரிக்க அனுப்பியது. செர்பிய அரசுக்கு இதில் பங்கு இருந்ததாகக் காட்ட எதுவும் இல்லை என்று ஜூலை 13ஆம் தேதி அவர் தந்தி கொடுத்தார். பத்து நாளில் செர்பியாவுக்கு 48 மணி நேரக் கெடு போயிற்று. ஜூலை 28ல் போர். ஆனால் செர்பிய ராணுவ உளவுத் தலைவர் திமித்ரியேவிச்சுக்கு அந்தக் கொலையில் கை இருந்தது பிற்பாடு தெரியவந்தது. அப்படியானால் செய்தது யார்? செர்பியாவா, ஓர் அதிகாரியா? தலைப்பில் ‘செர்பியா’ என்று நான்கு எழுத்தில் போட்டுவிடலாம். அமைச்சரவையும், அதற்குத் தெரிந்தோ தெரியாமலோ நடக்கும் உளவுத் துறையும், ரொட்டிக் கடை வரிசையில் நிற்கும் ஜனங்களும் அந்த நான்கு எழுத்துக்குள் அடங்கிவிடுவார்கள். குண்டு விழும்போது அந்த ஜனங்கள் மேல்தான் விழும். ஈராக்கில் லட்சத்துக்கும் மேற்பட்ட பொதுமக்கள் செத்தார்கள். எங்கள் தலைப்பைப் படித்து யாரும் போருக்குப் போகவில்லை, தெரியும். ஆனால் உலகம் முழுக்க எத்தனை டெஸ்குகளில் எத்தனை பேர் அன்று இரவு அந்த ஒரு சொல்லை விட்டிருப்பார்கள் என்று நினைத்தால் நெஞ்சு பாரமாகிறது.

இப்போது டெஸ்கை நான் பார்த்துக்கொள்கிறேன். புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி போன மாதம் ஒரு செய்திக் காப்பியோடு வந்தாள். தலைப்பில் ‘பயங்கரவாதத்துக்கு ஆதரவு’ என்று இருந்தது.

“ஆதரவுன்னா என்னம்மா? பணமா, ஆயுதமா, தங்க இடமா, வெறும் அறிக்கையா?”

காப்பியை மறுபடி படித்தாள். “பணம் சார். ஆனா அது அந்த அமைச்சர் சொல்றது. வேற யாரும் உறுதிப்படுத்தல.”

“அப்ப அதை எழுது.”

எழுதிக்கொண்டு வந்தாள். ‘பணம் கொடுத்ததாக அமைச்சர் குற்றச்சாட்டு’. மூன்று காலத்தில் உட்காரவில்லை. லேஅவுட்டில் இருந்த தம்பி தலைப்பைக் குறைக்கச் சொன்னான். பக்கத்தில் இருந்த படத்தைக் காட்டி, அதை ஒரு காலம் குறைக்கச் சொன்னேன்.