ஆப்பிள் கேரமல் புட்டிங்: நாலு தடவ செஞ்சு பாத்ததுல தெரிஞ்சுகிட்டது

போன மாசம் சின்னம்மா மக நாட்டிங்ஹாம்ல இருந்து வீடியோ கால் போட்டா. அங்க குளிர் ஆரம்பிச்சு, மரத்துல எல எல்லாம் காவி கலருக்கு வந்துருச்சாம், அவ தங்கியிருக்க வீட்டம்மா தோட்டத்து ஆப்பிள பறிச்சு அடியில போட்டு மேல கேக் மாவு ஊத்தி, கேரமலோட சுடச்சுட ஒரு புட்டிங் செஞ்சு குடுத்தாங்களாம். "அண்ணே, நீங்கதான் கேக்கெல்லாம் செய்றீங்களே, இத செஞ்சு பெரியம்மாவுக்கு குடுங்க"ன்னு சொல்லிட்டு அளவயும் அனுப்பி வச்சுட்டா.

பினாங்குல எல உதிர் காலம் ஏது. ஆனா செப்டம்பர் அக்டோபர்ல சாயங்காலம் நாலு மணி ஆனா மழ கொட்டுதே, ஆயர் ஈத்தாம்ல எங்க ஃபிளாட்டு ஜன்னல்ல இருந்து பாத்தா மல மேல மேகம் அப்படியே உக்காந்துருக்கும், அந்த நேரத்துல சூடா இனிப்பா ஏதாச்சும் இருந்தா எப்படி இருக்கும்னு நெனச்சேன், அதான் ஆரம்பிச்சுட்டேன்.

புட்டிங்னு சொன்னதும் அம்மா முட்ட பால் கலந்து ஆவியில வேக வைக்கிற கேரமல் புட்டிங்னு நெனச்சுட்டாங்க. இது அது இல்ல. இங்கிலாந்துல ஈவ்ஸ் புட்டிங்னு ஒன்னு இருக்கு, கீழ ஆப்பிள், மேல ஸ்பாஞ்ச், அவ்வளவுதான். அதுல கேரமல் சேத்தா அந்த வீட்டம்மா செஞ்சது.

முதல் தடவ. வீட்டுல இருந்த சைனா ஃபூஜி ஆப்பிள வெட்டிப் போட்டேன். சாப்புட நல்ல ஆப்பிள்தான், ஆனா அதுலயே இனிப்பு, கேரமலும் இனிப்பு, ரெண்டு வாய்க்கு மேல போகல. தண்ணியும் விட்டு மேல இருந்த ஸ்பாஞ்சோட அடிப்பாகம் களி மாதிரி வேகாம கெடந்துச்சு. கேரமலும் கெட்டுப் போச்சு, சீனி கரையட்டும்னு கரண்டி போட்டு கிண்டிகிட்டே இருந்தேன், திடீர்னு மொத்தமும் வெள்ளயா கல்லு கல்லா ஆயிருச்சு. அம்மா எட்டிப் பாத்துட்டு "பாகு பூத்துப் போச்சுப்பா, கிண்டாதேன்னு ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லிருப்பேனே"ன்னாங்க.

அந்த ஒரு வார்த்ததான் எனக்கு வழி காட்டுச்சு. நான் கேரமல்னா என்னமோ வெள்ளக்காரன் வேலன்னு தனியா நெனச்சுகிட்டு இருந்தேன். அம்மா வருஷா வருஷம் தீபாவளிக்கு அதிரசத்துக்கு பாகு காய்ச்சுறவங்க, ஒரு கிண்ணம் தண்ணியில ஒரு சொட்டு விட்டு வெரலால உருட்டி பதம் பாப்பாங்க. அந்த உருட்டுப் பதம் தெர்மாமீட்டர்ல ஏறக்கொறய 115 டிகிரி. கேரமல் அதே பாதையிலதான் போகுது, பாகுக்கு அங்க நிறுத்துறோம், கேரமலுக்கு நிறுத்தாம 170 வரைக்கும் போறோம். நடுவுல தண்ணி எல்லாம் போயிரும், அப்பறம் சீனியே உடைஞ்சு நெறம் மாறும், வாசன மாறும், கசப்பு லேசா எட்டிப் பாக்கும். பூக்காம இருக்க அம்மா சொன்னது ரெண்டே விஷயம், நாலு சொட்டு எலுமிச்ச சாறு விடணும், கொதிக்க ஆரம்பிச்சப்பறம் கரண்டி போடக்கூடாது. புளிப்பு பட்டா சீனி ரெண்டா பிரிஞ்சு திரும்ப கல்லா சேர விடாது, அதான் காரணம்.

ரெண்டாவது தடவைக்கு ஆப்பிள மாத்துனேன். அந்த வீட்டம்மா போட்டது பிராம்லி, சமைக்கறதுக்குன்னே இருக்க ஆப்பிள், பச்சயா கடிச்சா பல்லு கூசும், வெந்தா பஞ்சு மாதிரி கொழஞ்சுரும். 1809ல சவுத்வெல்ங்கிற ஊர்ல, அது நாட்டிங்ஹாம் பக்கம்தான், மேரி ஆன் பிரெய்ல்ஸ்ஃபோர்டுங்கிற பொண்ணு வெத போட்டு வளந்த மரம் அது. இங்க நான் அத எங்கயும் பாத்தது இல்ல. நமக்கு கெடைக்கிற புளிப்பு ஆப்பிள்னா பச்ச கலர் கிரானி ஸ்மித், அது சிட்னி பக்கம் ஈஸ்ட்வுட்ல மரியா ஆன் ஸ்மித்ங்கிற பாட்டி தோட்டத்துல 1868 வாக்குல தானா மொளச்சது. ரெண்டு ஆப்பிளுமே இப்படி ஒரு வீட்டுத் தோட்டத்துல தற்செயலா வந்ததுங்கறது எனக்கு ரொம்ப புடிச்சுப் போச்சு.

கிரானி ஸ்மித் கொழையாது, துண்டு துண்டாவே நிக்கும், அதனால பிராம்லிக்கு சொன்ன மாதிரி பெருசா வெட்டக்கூடாது, அர வெரல் கனத்துக்கு வெட்டி முதல்ல வெண்ணயில அஞ்சு நிமிஷம் வதக்கணும். பசார்ல நான் வாங்குனதுல தென்னாப்பிரிக்கா ஸ்டிக்கர் இருந்துச்சு. அங்க அறுவட மார்ச் ஏப்ரல்ல, அதுதான் அவங்களுக்கு எல உதிர் காலம், நம்ம கைக்கு அக்டோபர்ல வருதுன்னா ஆறு மாசம் குளிர் கெடங்குல இருந்துட்டு வருது. இருக்க இருக்க புளிப்பு கொறயும், அதனால அர மூடி எலுமிச்ச கூட புழிஞ்சேன். ஆனா அந்த தடவ கேரமல தேன் கலர்லயே எறக்கிட்டேன், பயம், கருகிருமோன்னு. சாப்பிட்டா வெறும் சீனிப்பாகுதான், கேரமல் ருசியே இல்ல.

மூனாவது தடவ குலா மலாக்கால கேரமல் செய்யலாம்னு பாத்தேன், தென்னம்பாளையில எறக்குற பதநீர்ல காய்ச்சுற வெல்லம் அது, அதுக்குன்னு ஒரு தனி வாசன உண்டு. தப்பா போச்சு. அது முதல்லயே கறுப்பு, கலர வச்சு பதம் பாக்கவே முடியாது, தெர்மாமீட்டர் 150 தொடுறதுக்குள்ள அடியில புடிச்சு குசினி பூரா புக. அன்னைக்கு ஸ்பாஞ்சும் மேல கறுத்து உள்ள வேகல, சந்தேகம் வந்து இருபது வெள்ளிக்கு ஒரு ஓவன் தெர்மாமீட்டர் வாங்கி உள்ள தொங்கவிட்டா, 180ல வச்சா அது 205 காட்டுது. இத்தன வருஷமா என் கேக்கெல்லாம் ஏன் மேல வெடிச்சுதுன்னு அன்னைக்குதான் புரிஞ்சுது. மேச ஓவன் வச்சிருக்கவங்க தயவு செஞ்சு இத ஒன்னு வாங்கிருங்க.

நாலாவது தடவ ஞாயித்துக்கெழம. முந்தின நாளு சௌராஸ்தா மார்க்கெட்டுல ஓட்டோட ஜாதிக்கா வாங்கிட்டு வந்தேன், நம்ம பினாங்கு பாலிக் புலாவ்ல வெளயறது இருக்கும்போது பாட்டில்ல அரச்சு விக்கிற தூள் எதுக்கு. ஓட்ட ஒடச்சு பொடி துருவியில ரெண்டு இழுப்பு இழுத்தா, வெட்டுன எடத்துல பாக்கு மாதிரியே வெள்ளயும் காவியுமா கோடு கோடா தெரியும், அந்த வாசன ஆப்பிள் சூட்டுல பட்டதும் வீடே மாறிருச்சு. பட்ட ஒரு துண்டு, அவ்வளவுதான், ஏலக்கா போடல, போட்டா பாயாசம் ஆயிரும்.

வெண்ண விஷயமும் சொல்லணும். அளவுல "வெளிய எடுத்து வச்சு மெதுவாக்குங்க"ன்னு இருக்கு, அது நாட்டிங்ஹாமுக்கு. இங்க 31 டிகிரியில எடுத்து வச்சா இருபது நிமிஷத்துல எண்ணெய் மாதிரி ஆயிரும், எண்ணெய்ல காத்து நிக்காது, ஸ்பாஞ்ச் கனத்துரும். அதனால காலையிலயே, ஏர்கோன் போட்டிருந்த ரூம்ல உக்காந்து அடிச்சேன், வெரல் அமுக்குனா குழி விழணும், ஆனா பளபளன்னு மின்னக்கூடாது. முட்டய மட்டும் ஐஸ் பெட்டியில இருந்து நேரா ஊத்தாதீங்க, திரிஞ்சுரும்.

இப்ப கேரமல். 150 கிராம் வெள்ள சீனி, மூனு மேசக்கரண்டி தண்ணி, எலுமிச்ச நாலு சொட்டு, அடி கனத்த சட்டி. முதல்ல சின்னச் சின்ன நொர வேகமா வரும், தண்ணி போகப் போக நொர பெருசாகி சோம்பலா வெடிக்கும், சத்தமே கொறஞ்சுரும். அங்க இருந்து கண்ண எடுக்கக்கூடாது. ஓரத்துல மஞ்சள் புடிக்கும், சட்டிய கையால சுத்தி விடணும், மஞ்சள் தேனாகும், தேன் சுண்டுன தே ஓ, அதான் பால் விடாத டீ, அந்த கலருக்கு வரும், ஒரு மெல்லிசு புக எழும்பும், அந்த நொடியில அடுப்ப விட்டு எறக்கிரணும், ஏன்னா சட்டி சூட்டுலயே இன்னும் ஒரு படி ஓடும். 60 கிராம் வெண்ண, அப்பறம் வெதுவெதுன்னு சூடு பண்ண 120 மில்லி கிரீம் கொஞ்சம் கொஞ்சமா. கிரீம் ஜில்லுன்னு இருந்தா பொங்கி கையில தெறிக்கும், சின்னப் புள்ளைங்கள பக்கத்துல விடாதீங்க. அர டீஸ்பூன் உப்பு.

அம்மா பக்கத்துலயே நின்னாங்க. தேன் கலருக்கு வந்ததும் நான் கைய நீட்டுனேன், "இரு, இன்னும் வாசன வரல"ன்னு சொல்லி என் மணிக்கட்ட புடிச்சுகிட்டாங்க. பத்து செகண்டுதான் இருக்கும். வாசன வந்துச்சு.

நாலு ஆப்பிள் வதக்குனது எட்டு இஞ்சு தட்டுல, மேல பாதி கேரமல். ஸ்பாஞ்சுக்கு வெண்ண, சீனி, செல்ஃப் ரைசிங் மாவு மூனும் தலா 110 கிராம், முட்ட 2, பால் ரெண்டு மேசக்கரண்டி. சீனிக்கு பதிலா இங்கதான் குலா மலாக்காவ சீவிப் போட்டேன், அதுக்கு சரியான எடம் இதுதான். உள்ள நெஜமா 170 இருக்க மாதிரி வச்சு 40 நிமிஷம். ஓரத்துல கேரமல் பொங்கி மேல ஏறி ஒட்டிகிட்டு இருந்தா வெந்துருச்சுன்னு அர்த்தம், நடுவுல குச்சி விட்டா மாவு ஒட்டக்கூடாது, அடியில இருக்க ஆப்பிள் வரைக்கும் குத்தாதீங்க, அது ஈரமாதான் வரும். எடுத்து பத்து நிமிஷம் ஆற விட்டுதான் வெட்டணும்.

மழ சரியா நாலரைக்கு வந்துச்சு. மிச்ச கேரமல மேல ஊத்தி ஆளுக்கு ஒரு கிண்ணம். அம்மா ஒரு வாய் வச்சுட்டு கொஞ்ச நேரம் பேசல, அப்பறம் "இது நம்ம மாங்கா பச்சடிதானேப்பா, புளிப்பு, இனிப்பு, கடைசில ஒரு கசப்பு"ன்னாங்க. நாலு தடவயா நான் எத தேடிகிட்டு இருந்தேன்னு அப்பதான் எனக்கே தெரிஞ்சுது, வருஷப் பொறப்பன்னிக்கு பச்சடியில வேப்பம்பூ போடுறது எதுக்கோ அதுக்குதான் இங்க சீனிய அவ்வளவு தூரம் காய்ச்சுறோம்.

மறுநாளு ஐஸ் பெட்டியில இருந்தது கெட்டியாயிருச்சு, 150ல பத்து நிமிஷம் வச்சா திரும்ப எளகிருது, மைக்ரோவேவ் வேணாம், ஸ்பாஞ்ச் ரப்பர் ஆயிரும். தீபாவளிக்கு இன்னும் ரெண்டு வாரம் இருக்கு, இந்த வருஷம் அதிரசப் பாகுக்கு கரண்டிய என் கையில குடுக்குறேன்னு அம்மா சொல்லிருக்காங்க.