கன்னத்திலிருந்து இரத்தத்துக்கு: வீட்டு நுணுக்குக்காட்டியில் புன்னங்கங்களைத் தேடியது

பாடப்புத்தகத்து மனிதக் கலத்தில், கலத்துக்குள் ஆளுக்கொரு வேலை செய்யும் நுண்ணிய உறுப்புகளான புன்னங்கங்கள் எல்லாம் நிறம் நிறமாக, பெயரைத் தாங்கிக்கொண்டு நிற்கின்றன. அவற்றில் எவற்றை என் சொந்த உடம்பிலிருந்தே எடுத்து, திருகோணமலை உப்புவெளியில் என் மேசையில் இருக்கும் சாதாரண ஒளி நுணுக்குக்காட்டியில் பார்க்க முடியும் என்பதைச் சோதிப்பதுதான் இந்த வேலை. கருவி கொழும்பிலிருந்து பழையதாக வாங்கியது. 4, 10, 40, 100 மடங்குப் பொருள்வில்லைகள் உண்டு. 100 மடங்கு வில்லைக்கு எண்ணெய் விட வேண்டும். கடற்கரை ஊரில் வில்லைகளுக்குப் பெரிய எதிரி பூஞ்சணம். காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல் போட்டு வைக்காவிட்டால் மாரி முடிவதற்குள் கண்ணாடியில் வலை பின்னிவிடும்.

முதலில் அளவு பிடித்துக்கொண்டேன். ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் அடிமட்டத்தை 4 மடங்கு வில்லையின் கீழ் வைத்தால் பார்வைப் புலத்தின் விட்டம் நாலரை மில்லிமீற்றர். அப்படியானால் 40 மடங்கில் அது 0.45 மில்லிமீற்றர். இந்தக் கணக்கு கையில் இல்லாமல் பார்த்தால் தூசியும் கருவாகத் தெரியும், பற்றீரியாவும், கலத்துக்குச் சக்தி தரும் புன்னங்கமான இழைமணியாகத் தெரியும்.

கன்னக் கலத்தை எல்லோரும் செய்வதுபோலத்தான் எடுத்தேன்: வாயைக் கொப்பளித்து, பல்குத்தும் குச்சியின் மழுங்கிய பக்கத்தால் உட்கன்னத்தை மெதுவாக வழித்து, வழுக்கியில் ஒரு துளி நீரில் தேய்த்தேன். சாயத்துக்கு மெதிலீன் நீலம். வளர்ப்பு மீன் கடைகளில் மீனுக்குப் பூஞ்சண மருந்தாக விற்கிறார்கள். நன்றாக ஐதாக்கினால் போதும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் இந்த வேலை செய்பவர்கள் ஜன்னலைச் சாத்திவிட்டு உட்கார வேண்டும். மூடித்துண்டின் ஓரத்திலிருந்து துளி காயத் தொடங்கினால் கலங்கள் சுருங்கி மடிந்து உருவம் கெட்டுவிடும்.

புலத்தின் அகலத்தில் எட்டிலொரு பங்கு, அதாவது ஏறத்தாழ 55 மைக்குரோமீற்றர் அகலத்தில், ஓரம் மடிந்த தட்டையான கலங்கள். நடுவில் கடும் நீலமாகக் கரு. மெதிலீன் நீலம் காரச் சாயம், கருவிலுள்ள டீ.என்.ஏ. அமிலம். அதனால் சாயம் அங்கே போய் ஒட்டிக்கொள்கிறது. கருவைச் சுற்றியுள்ள குழியவுரு வெளிறிய நீலம். அதன்மேல் ஆங்காங்கே பொட்டுப் பொட்டாகக் கிடப்பவை வாயில் குடியிருக்கும் பற்றீரியாக்கள். சாயமே இல்லாமலும் கருவைப் பார்க்கலாம்: ஓரத்தில் ஒரு சொட்டு வினாகிரி விட்டால் அசற்றிக் அமிலம் கருவிலுள்ள புரதங்களைத் திரளச் செய்து கரு துலக்கமாக எழும்பி வரும். எனக்கு நீலத்தைவிட இதுதான் பிடித்தது.

சாதாரண தரத்துக்குப் படிக்கும் அக்காவின் மகள் பார்வைத்துண்டில் கண் வைத்துவிட்டு, "மாமா, கருவைத் தவிர ஒன்றுமே இல்லையே. மற்றதெல்லாம் எங்கே?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் அரை மைக்குரோமீற்றர் அளவில் இருப்பதால், என் 100 மடங்கு எண்ணெய் வில்லை பிரித்துக் காட்டக்கூடிய மிகச் சிறிய தூரம் கால் மைக்குரோமீற்றர்தான். 1873 இல் ஏர்ன்ஸ்ட் அபே எழுதிய எல்லை அது. விலை கூடிய வில்லையாலும் அதை வெகுதூரம் தாண்ட முடியாது. புரதம் செய்யும் இறைபோசோம் 25 நானோமீற்றர் அளவு, அந்த எல்லையில் பத்திலொன்று. கலத்தைச் சூழ்ந்த முதலுருமென்சவ்வின் தடிப்பு 7, 8 நானோமீற்றர். கலத்தின் ஓரத்தைப் பார்க்கலாம், சவ்வைப் பார்க்க முடியாது. அகமுதலுருச் சிறுவலையும் கைக்கெட்டாது. கொல்கி உபகரணத்தை 1898 இல் கமிலோ கொல்கி வெள்ளி உப்பைக் கொண்டு ஆந்தையின் நரம்புக் கலத்தில் கண்டார். ஆனால் அது மெய்யா, சாயம் செய்த மாயமா என்ற சண்டை 1950களில் இலத்திரன் நுணுக்குக்காட்டி வந்த பின்னர்தான் ஓய்ந்தது. எனவே வீட்டு மேசைக்கு மிச்சமிருப்பவை இரண்டே: அரை முதல் ஒரு மைக்குரோமீற்றர் தடிப்புள்ள இழைமணிகள், நொதியங்கள் அடங்கிய பைகளான இலைசோசோம்களில் பெரியவை.

இழைமணிக்கு யேனஸ் பச்சை என்ற சாயம் வேண்டும். 1900 இல் லெயோனர் மிக்கேலிஸ் கண்டுபிடித்த முறை. உயிரோடு இருக்கும் கலத்தில்தான் வேலை செய்யும். சாயம் கலம் முழுவதும் பரவுகிறது. குழியவுருவில் அது இரசாயன முறையில் தாழ்த்தப்பட்டு நிறமிழக்கிறது. இழைமணியில் மட்டும், ஒட்சிசனைப் பயன்படுத்தும் நொதியம் வேலை செய்துகொண்டிருப்பதால், சாயம் ஒட்சியேற்றிய நிலையிலேயே நின்று நீலப்பச்சையாகத் தெரிகிறது. ஒரு பாடசாலை ஆய்வுகூடத்தில் வேலை செய்யும் நண்பர் சிறு குப்பியில் கொஞ்சம் தந்தார்.

கன்னக் கலத்தில் அது என்னைத் திருப்திப்படுத்தவில்லை. நீலப்பச்சைப் புள்ளிகள் வந்தன. ஆனால் வழித்தெடுக்கும் மேற்படைக் கலங்கள் உதிரக் காத்திருக்கும் கிழட்டுக் கலங்கள். அவற்றில் உயிரோட்டமுள்ள இழைமணிகள் எத்தனை இருக்கப்போகின்றன? பற்றீரியாக்கள் வேறு அதே அளவில் மேலே கிடக்கின்றன. "இழைமணி பார்த்தேன்" என்று கன்னக் கலப் படத்தை யாராவது காட்டினால் நான் இப்போது உடனே நம்புவதில்லை.

அதனால் இரத்தத்துக்குப் போனேன். அப்பாவுக்குச் சீனி வருத்தம் என்பதால் விரல் குத்தும் ஊசிகள் வீட்டில் எப்போதும் உண்டு. என் இரத்தம் மட்டும், ஒவ்வொரு முறையும் புதிய ஊசி, பயன்படுத்திய வழுக்கிகள் குளோரின் கரைசலில். இதில் சமரசம் இல்லை.

செங்குழியங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அவை புன்னங்கம் தேடுபவனுக்கு வெறும் வீடுகள். முதிரும்போதே கருவையும் இழைமணிகளையும் இறைபோசோம்களையும் கழித்துவிடுவதால் பழுதுபார்க்க வழியின்றி ஏறத்தாழ 120 நாட்களில் முடிந்துபோகின்றன. ஆனால் சவ்வின் வேலையைக் காட்ட இவற்றைவிட நல்ல சாட்சி இல்லை. இரத்தத்துளியின் பக்கத்தில் கடல்நீர் ஒரு துளி விட்டேன். உடம்புக்கு ஒத்த உப்புக் கரைசலில் லீற்றருக்கு 9 கிராம் உப்பு. கடலில் 35 கிராம். கடல்நீர் வந்து தொட்ட பக்கமிருந்து செங்குழியங்கள் ஒவ்வொன்றாகச் சுருங்கி ஓரமெல்லாம் முள்ளு முள்ளாக மாறின. கிணற்று நீர் விட்ட வழுக்கியில் அவை உப்பி, வெளிறி, கண்ணைவிட்டு மறைந்தன.

சிறு துளி இரத்தத்தை மூடித்துண்டில் எடுத்து வழுக்கியில் கவிழ்த்து, நான்கு ஓரத்திலும் வாசலின் பூசி அடைத்துவிட்டால் கச்சானும் ஒன்றும் செய்யாது. நூற்றுக்கணக்கான செங்குழியங்களுக்கு ஒரு வெண்குழியம் என்ற கணக்கில் தேட வேண்டும். கிடைத்த நடுநிலைநாடி என்ற வகை வெண்குழியம் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு நகர்ந்துகொண்டிருந்தது. உடல் வெப்பத்துக்குக் கிட்டிய சூட்டில் அவை நன்றாக ஊரும். குளிர் நாடுகளில் இதற்கு மேடையைச் சூடாக்குகிறார்கள், ஆடி மாத மதியத்தில் திருகோணமலையில் அந்தச் செலவு இல்லை. முன்பக்கம் தெளிந்த, மணிகளற்ற ஒரு மடிப்பை நீட்டுகிறது. பின்னால் நூற்றுக்கணக்கான நுண்மணிகள் கொதிக்கும் உலையரிசிபோல் குதித்துக்கொண்டு அந்த மடிப்புக்குள் பாய்கின்றன. வழியில் நின்ற செங்குழியம் ஒன்று அழுந்தி வளைந்து, பின்பு பழைய வட்டத்துக்குத் திரும்பியது. கண் வலித்தபோதுதான் எழுந்தேன்.

அந்த மணிகளில் ஒரு பகுதி இலைசோசோம் வகையைச் சேர்ந்தவை. பற்றீரியாவை விழுங்கியதும் அதைச் சூழ்ந்த பையோடு இணைந்து உள்ளே நொதியங்களைக் கொட்டுபவை. இலைசோசோமின் வரலாறே எனக்கு இந்த வேலையில் பெரிய தைரியம். 1949 இல் பெல்ஜியத்தில் கிறிஸ்டியன் டி டுவே எலியின் ஈரலை அரைத்து ஓர் அமில நொதியத்தை அளந்தபோது எதிர்பார்த்ததில் சிறு பங்குதான் கிடைத்தது. குளிர்பெட்டியில் ஐந்து நாள் கிடந்த அதே கலவையில் நொதியம் தாராளமாக இருந்தது. பைக்குள் அடைபட்டிருந்தது சவ்வு பழுதாகி வெளியே வந்திருக்கிறது என்று முடிவுகட்டி, 1955 இல் அந்தப் பைக்குப் பெயரும் வைத்தார். உருவத்தைக் காணும் முன்பே செயலைக் கொண்டு பிடித்த புன்னங்கம் அது. 1974 நோபல் பரிசில் கிளோட், பலாடே ஆகியோருடன் அவருக்கும் பங்கு. வரைபடத்தைப் பக்கத்தில் வைத்து உருவம் ஒப்பிடுவதை நான் கைவிட்டது இதை வாசித்த பிறகுதான். இப்போது ஒரு புள்ளி தெரிந்தால், அது என்ன செய்கிறது என்பதைத்தான் கேட்கிறேன்.

அதே கண்ணோடு யேனஸ் பச்சையை இரத்தத்தில் முயன்றேன். அற்ககோலில் கரைத்த சாயத்தை வழுக்கியில் மெல்லிய படலமாகக் காயவிட்டு, அதன்மேல் இரத்தத் துளியைக் கவிழ்த்து அடைத்தேன். கிடைத்தது நிணநீர்க்குழியம் என்ற இன்னொரு வகை வெண்குழியம்: பெரிய உருண்டைக் கரு, அதைச் சுற்றி ஒடுங்கிய வளையமாகக் குழியவுரு. அந்த வளையத்தில், கருவின் ஒரு பக்கத்துப் பள்ளத்தையொட்டி, நீலப்பச்சையில் குட்டைக் கோல்களும் புள்ளிகளும். கலத்தின் மேல் கிடக்கும் பற்றீரியா அப்படிக் கருவின் வளைவைப் பின்பற்றி அடுக்காது. அடைத்த மூடித்துண்டுக்குள் ஒட்சிசன் குறையக் குறைய நிறம் மங்கத் தொடங்கியது. என் சந்தேகம் தீர்ந்தது அங்கேதான்: வெறுமனே ஒட்டிக்கொண்ட அழுக்கு ஒட்சிசன் தீர்ந்ததற்காக நிறம் மாறாது. மருமகளை அழைக்க ஓடியபோது அவள் பிரத்தியேக வகுப்புக்குப் போயிருந்தாள். வந்து பார்த்தபோது பாதிதான் மிச்சம்.

அடுத்து நடுநிலைச் சிவப்பு. அமிலத்தில் சிவந்து காரத்தில் மஞ்சளாகும் சாயம். அமிலம் நிறைந்த பைகளுக்குள் புகுந்தால் மின்னேற்றம் பெற்று வெளியே வர முடியாமல் அங்கேயே தேங்கும். யேனஸ் பச்சையோடு சேர்த்துப் பூசினால் ஒரே கலத்தில் இழைமணி நீலப்பச்சையாகவும் அமிலப் பைகள் சிவப்பாகவும் தெரிய வேண்டும். 1920களில் இரத்தம் ஆராய்ந்தவர்கள் இந்த இரட்டைச் சாயத்தைத்தான் பயன்படுத்தினார்கள். சாயம் கொழும்பிலிருந்து வர வேண்டும். அதற்குள் ஒற்றைக்குழியம் என்ற வகை வெண்குழியம் ஒன்றைக் கண்டுபிடித்துப் பழகிக்கொள்ளப் பார்க்கிறேன்.